கடலோர ஜமாஅத்துகள் எடுக்க வேண்டிய கணக்கு

2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை கடலூர் மாவட்டக் கடற்கரையைத் தாக்கியபோது, பரங்கிப்பேட்டை ஜமாஅத்தார் யாருடைய உத்தரவுக்கும் காத்திருக்கவில்லை. வீடிழந்து வந்த மீனவக் குடும்பங்களுக்கு மதம் பாராமல் உணவும் தங்குமிடமும் அளித்தனர். அதை நாம் இன்றும் பெருமையோடு நினைவுகூர்கிறோம். ஆபத்து வந்தபின் ஓடிச்சென்று உதவுவதில் நம் கடலோர ஊர்கள் யாருக்கும் சளைத்தவை அல்ல.

ஆனால், ஓசையின்றி வரும் ஆபத்துக்கு நாம் எந்த அளவுக்கு ஆயத்தமாக இருக்கிறோம்?

1901 முதல் 2018 வரை உலகக் கடல்மட்டம் சராசரியாக 20 சென்டிமீட்டர் உயர்ந்துள்ளதாக ஐ.நா.வின் காலநிலைக் குழு கணித்துள்ளது. சென்ற நூற்றாண்டின் முற்பகுதியில் ஆண்டுக்கு 1.3 மில்லிமீட்டராக இருந்த உயர்வு, 2006க்குப் பிறகு 3.7 மில்லிமீட்டர் ஆகிவிட்டது. கேட்பதற்கு இது அற்பமாகத் தோன்றும். எனினும், கடல் நம் தெருவுக்கு வருவதற்கு நெடுங்காலம் முன்பே நம் கிணற்றுக்கு வந்துவிடும்.

கடலோர மணற்பகுதிகளில் நிலத்தடி நன்னீர், கனமான உப்புநீரின் மேல் மிதந்து நிற்கிறது. கடல்மட்டத்திற்கு மேல் ஓர் அடி நன்னீர் நின்றால், அதற்குக் கீழே ஏறத்தாழ 40 அடி ஆழம்வரை நன்னீர் கிடைக்கும் என்பது நீரியலாளர் கணக்கு. அந்த ஓர் அடியை ஆழ்துளைக் கிணறுகளால் நாம் உறிஞ்சிவிட்டால், கீழிருக்கும் 40 அடியும் காலப்போக்கில் உப்பாகும். கடல் உயர்வது ஒருபுறம். நாமே அதற்கு வழிதிறந்து விடுவது மறுபுறம்.

நம் ஊர்களுக்கே உரிய சில நிலைமைகளும் இங்குக் கவனிக்கத்தக்கவை. காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் வீட்டைப் பெண்மக்களுக்குக் கொடுப்பது நெடுநாள் வழக்கம். ஆண்கள் பலர் வளைகுடாவிலும் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் பொருளீட்டுகின்றனர். ஆகவே, நள்ளிரவில் வெள்ளம் புகுந்தால் முதியோரையும் குழந்தைகளையும் வெளியேற்ற வேண்டியவர்கள் பெரும்பாலும் பெண்களே. கிணற்று நீரின் சுவை மாறியதை முதலில் அறிபவர்களும் அவர்களே. அப்படியிருக்க, ஊரின் பாதுகாப்பைப் பேசும் கூட்டத்தில் அவர்களின் குரல் ஒலிக்காவிட்டால், அந்தக் கூட்டம் பாதி உண்மையைத்தான் அறிந்திருக்கும்.

இயற்கை தந்த அரணையும் நாம் மறந்துவிடலாகாது. பரங்கிப்பேட்டைக்குத் தெற்கே பிச்சாவரத்தில் அலையாத்திக் காடுகள் உள்ளன. ஆழிப்பேரலையின்போது அப்பகுதியில் மரச்செறிவுக்குப் பின்னால் இருந்த கிராமங்கள் குறைவாகவே சேதமுற்றன என்பதை 2005இல் வெளியான ஆய்வு எடுத்துக்காட்டியது. அதிராம்பட்டினத்தை அடுத்துள்ள முத்துப்பேட்டைக் காடுகளும் இத்தகைய செல்வமே. கழிமுகத்தில் குப்பை கொட்டுவதும், வடிகால் ஓடையைத் தூர்த்து மனையாக்குவதும் நம் மதிலை நாமே இடிப்பதற்கு ஒப்பாகும்.

ஆகவே, ஒவ்வொரு கடலோர ஜமாஅத்தும் ஒரு பதிவேட்டைத் தொடங்க வேண்டும் என்பது நம் கருத்து. மஹல்லாவுக்குப் பத்துக் கிணறுகளைத் தேர்ந்து, வடகிழக்குப் பருவமழைக்கு முன்னும் பின்னும் நீரின் உப்பளவைக் குறித்து வரலாம். சிறிய டி.டி.எஸ். மீட்டர் ஒன்றைக் கொண்டு மதரஸா மாணவர்களே இதைச் செய்ய இயலும். புயல்வெள்ளம் ஏறிய உயரத்தைத் தெருச்சுவர்களில் ஆண்டோடு குறித்து வைக்கலாம். தனித்து வாழும் முதியோர், படுக்கையில் இருப்போர், கருவுற்ற தாய்மார் ஆகியோரின் வீடுகளைப் பட்டியலிடலாம். தாழ்வான இடத்திலுள்ள மையவாடியையும் வக்ஃபு நிலங்களையும் இப்போதே அளந்து வைப்பது நலம். பள்ளிவாசல் கூரையில் விழும் மழைநீரைக் கிணற்றுக்குத் திருப்புவது அனைத்திலும் எளிது.

“அல்லாஹ்வின் நாட்டம்போல் நடக்கும், நாம் என்ன செய்ய முடியும்?” என்று சிலர் கேட்கக்கூடும். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுப் பிறகு இறைவன்மீது பொறுப்புச் சாட்டுமாறே நபிகளார் (ஸல்) வழிகாட்டினார்கள். தவக்குல் என்பது முயற்சிக்குப் பின் வரும் நிம்மதியே அன்றி, முயலாமைக்குச் சொல்லும் காரணம் அன்று.

வீடுகட்டவும் திருமணம் நடத்தவும் ஆண்டுக்கணக்கில் திட்டமிடும் நாம், அந்த வீடு நிற்கும் மண்ணுக்காகச் சில நாட்களை ஒதுக்கலாகாதா? அடுத்த ஜமாஅத் கூட்டத்தில் இது ஒரு பொருளாகட்டும். நம் பிள்ளைகளுக்கு நாம் விட்டுச்செல்லும் வீட்டின் கிணறும் இனிப்பாகவே இருக்க வல்ல இறைவன் அருள்புரிவானாக.