வண்டிக்குப் பெயின்ட் அடிக்கிறது அழகுக்காக மட்டும் இல்லை

"இந்தப் பழைய எக்ஸெல்லுக்கு எதுக்குங்க பெயின்ட்? தள்ளிட்டுப் புதுசு எடுத்துடலாமே"ன்னு டவுன்ல இருக்கிற நண்பர்கள் கேக்குறாங்க. எங்களுக்கு அந்த வண்டி மண்வெட்டி, கடப்பாரை மாதிரி ஒரு சாமான். பால் கேன், புல்லுக்கட்டு, உர மூட்டை எல்லாம் அதுலதான் வருது. யூரியா மூட்டை 45 கிலோ, டி.ஏ.பி. 50 கிலோ. அதைத் தாங்குற கேரியர் துருவால அரிச்சுப் போனா, நடுரோட்டுல மூட்டையோட ஆளும் விழுவான்.

துருவுக்கு மழை மட்டும் காரணமில்லை, உரமும் காரணம். பொட்டாஷ்ங்கிறது பொட்டாசியம் குளோரைடு, அதாவது ஒரு உப்பு. மூட்டையிலிருந்து கொட்டுறது வெல்டு வெச்ச மூலையில தங்கி, ஈரத்தை இழுத்து, இரும்பைத் தின்னும். அதனால வருஷத்துக்கு ஒரு தடவை கேரியர், ஸ்டாண்டு, மட்கார்டை வீட்டுலயே கழட்டிப் பெயின்ட் அடிக்கணும்ங்கிறது என் கட்சி.

ஆனா துரு மேலேயே அடிக்கிறது வீண் செலவு. ரெண்டு மாசத்துல கொப்புளம் கிளம்பி உரிஞ்சுடும். பத்துப் பங்கு வேலையில எட்டுப் பங்கு தேய்க்கிறதுதான். முதல்ல சோப்புத் தண்ணியில உப்பும் எண்ணெயும் போகக் கழுவணும். வயர் பிரஷ்ல துருவைச் சுரண்டி, 120 நம்பர் உப்புத்தாள், அப்புறம் 220, கடைசியா 400. விரலால தடவினா மேடு பள்ளம் தட்டக்கூடாது. தின்னர் நனைச்ச துணியால துடைச்சபிறகு வெறுங்கையால தொடாதீங்க, விரல் எண்ணெய் பட்ட இடத்துல பெயின்ட் ஒட்டாது. இரும்பு வெளியே தெரியுதுன்னா அன்னைக்கே பிரைமர் போட்டுடணும். ஒரு ராத்திரி பனி போதும், திரும்பத் துரு பூக்கும்.

ஸ்பிரே டப்பாவை ரெண்டு நிமிஷம் நல்லா குலுக்கி, ஒரு சாண் தள்ளிப் பிடிச்சு, கையை நிறுத்தாம ஓட்டணும். ஒரே தடவையில மூடணும்னு நினைச்சா வழியும். மெல்லிசா மூணு கோட்டு, நடுவுல பத்து பதினஞ்சு நிமிஷம் இடைவெளி. ஐப்பசி, கார்த்திகை ஈரத்துல அடிச்சா வெளுத்துப் போகும். ஆடிக் காத்துல தூசி ஒட்டும். தை, மாசியில பனி விலகின காலை நேரம் நல்லது. பிரேக் டிரம்முக்குள்ள, சேசிஸ் நம்பர் மேல எல்லாம் அடிக்காதீங்க. நிறத்தையே மாத்துறதா இருந்தா ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல கேட்டுக்குங்க, ஆர்.சி.யில நிறம் பதிவாகியிருக்கு.

பெட்ரோல் டேங்கை மட்டும் வீட்டுல தொடவேண்டாம்னு சொல்றேன். சாதா டப்பாப் பெயின்ட் பெட்ரோல் சிந்தினா இளகிடும். அதுக்கு ஹார்டனர் கலந்த டூ-கே பெயின்ட் வேணும். அந்த ஹார்டனர்ல ஐசோசயனேட்ங்கிற ரசாயனம் இருக்கு, மூச்சுல போனா ஆஸ்துமா வரும். ஒரு தடவை ஒத்துக்காமப் போயிட்டா, அப்புறம் கொஞ்சம் பட்டாலே இழுப்பு வரும். மூக்குல கட்டுற துண்டு அதைத் தடுக்காது. சாதா டப்பாவா இருந்தாலும் களத்துலயோ திறந்த இடத்துலயோ நின்னு, கரி வடிகட்டி வெச்ச மாஸ்க் போட்டுத்தான் அடிக்கணும். பக்கத்துல அடுப்பு, பீடி எதுவும் கூடாது.

டேங்கைப் பட்டறையில குடுக்கிறோம். அங்க அடிக்கிற பையன் பல இடத்துல கைக்குட்டையோடதான் நிக்கிறான். வெளியிலிருந்து குழாய்ல நல்ல காத்து வர்ற முகமூடி அவனுக்கு இருக்கணும். வேலை குடுக்கும்போது நாம ரேட்டு கேக்குறோம், பளபளப்பு கேக்குறோம். முகமூடி இருக்கான்னு யாரும் கேக்குறதில்லை. பத்து வாடிக்கையாளர் கேட்டா முதலாளி வாங்கி வைப்பாரு. டவுன்ல கார், பைக் டச்சப்புக்கு விடுற நீங்களும் கேளுங்க. நூறு ரூபா கூடச் சொன்னாலும், முகமூடி வெச்சிருக்கிற பட்டறைக்கே போங்க.