'பப்ளிக்' என்று கேட்டால் எல்லாம் சொல்லிவிடும்!

அலுவலகத்தில் திடீரென்று நெட் படுத்துவிட்டால், எல்லோரும் முதலில் திட்டுவது இன்டர்நெட் கம்பெனியைத்தான். கோளாறு பல நேரம் மாடிப்படிக்குக் கீழே, ஒரு சின்ன இரும்புப் பெட்டிக்குள் இருக்கும். பச்சை விளக்குகள் மினுக்கிக்கொண்டிருக்கும் நெட்வொர்க் ஸ்விட்ச் அது. கம்ப்யூட்டர், பிரின்டர், சிசிடிவி கேமரா எல்லாவற்றின் வயர்களும் வந்து சேர்வது அங்கேதான்.

அந்த ஸ்விட்ச்சிடம் நலம் விசாரிக்க ஒரு வழி உண்டு. பெயர் எஸ்.என்.எம்.பி. 1988-ல் பிறந்த இது, வெறும் கேள்வி பதில்தான். 'எத்தனை நேரமாக ஓடுகிறாய்?', '7-வது போர்ட்டில் வயர் இருக்கிறதா?', 'அதில் எவ்வளவு டேட்டா போயிருக்கிறது?' என ஒவ்வொரு கேள்விக்கும் ஓர் எண் உண்டு. எண்ணைச் சொல்லிக் கேட்டால், பதில் வரும்.

டேட்டா கணக்கு மட்டும் நம் வீட்டு கரன்ட் மீட்டர் மாதிரி. மொத்த ரீடிங்கைத்தான் காட்டும். போன முறை ரீடிங்கைக் கழித்துப் பார்த்தால்தான் எவ்வளவு செலவானது என்று தெரியும். பழைய 32 பிட் மீட்டரில் ஒரு சிக்கல். 1 ஜிகாபிட் வேகத்தில் டேட்டா முழுவீச்சில் ஓடினால், 34 விநாடிகளில் எண் நிரம்பி மறுபடி பூஜ்யத்துக்கு வந்துவிடும். அதனால்தான் 64 பிட் மீட்டர் வந்தது.

1994-ல் இங்கிலாந்தின் டி மான்ட்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் இருந்த டோபியாஸ் ஓட்டிகர், இந்தக் கேள்வி பதிலை வைத்தே ஒரு சின்ன புரோகிராம் எழுதினார். அவர் பணியாற்றிய இடத்துக்கு வெளியுலகத் தொடர்பு, ஒரே ஒரு 64 கிலோபிட் லைன். அதில் எவ்வளவு நெரிசல் என்று தெரிந்துகொள்ள எல்லோருக்கும் ஆவல். 5 நிமிடத்துக்கு ஒருமுறை ரீடிங் எடுத்து, வருவதைப் பச்சையிலும் போவதை நீலத்திலும் வரைந்து காட்டியது அந்த புரோகிராம். எம்.ஆர்.டி.ஜி என்ற பெயரில் 1995-ல் இலவசமாக வெளியாகி, உலகம் முழுக்கப் பரவியது.

வயர் கழன்றால் ஸ்விட்ச் தானாகவே தகவல் அனுப்புவதும் உண்டு. அதற்கு 'ட்ராப்' என்று பெயர். ஆனால், கரன்ட்டே போய்விட்டால் அதனால் எப்படிச் சொல்ல முடியும்? அதனால்தான் நாமும் அவ்வப்போது கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். பதில் வராவிட்டால், அதுவே ஒரு தகவல்.

சரி, கேட்பது யார் என்று ஸ்விட்ச்சுக்கு எப்படித் தெரியும்? இங்கேதான் ஆபத்து. பழைய முறையில் ஒரே ஒரு ரகசியச் சொல்தான் காவல். பல கருவிகளில் படிப்பதற்கு 'பப்ளிக்', மாற்றுவதற்கு 'பிரைவேட்' என்பதுதான் அந்தச் சொல். அதுவும் பூட்டிய கவரில் போவதில்லை. போஸ்ட் கார்டு மாதிரி யார் வேண்டுமானாலும் படிக்கலாம். மாற்றும் சொல் தெரிந்தவர், எங்கோ உட்கார்ந்தபடி ஒரு போர்ட்டையே அணைத்துவிடலாம்.

இது வெறும் பயமுறுத்தல் இல்லை. 2023 ஏப்ரலில் பிரிட்டன், அமெரிக்க அரசு அமைப்புகள் சேர்ந்து ஓர் எச்சரிக்கை வெளியிட்டன. ரஷ்ய ராணுவ உளவுத்துறையைச் சேர்ந்த ஏபிடி28 என்ற ஹேக்கர் குழு, 2021-ல் எஸ்.என்.எம்.பி வழியாகவே பல நாட்டு ரவுட்டர்களுக்குள் நுழைந்தது என்றன. உக்ரைனில் மட்டும் சுமார் 250 பேர் பாதிக்கப்பட்டார்கள். கதவு திறந்ததற்கு முக்கியக் காரணம், 'பப்ளிக்' போன்ற எளிய சொற்கள்.

தீர்வு கடினமில்லை. பயன்படுத்தாவிட்டால் அணைத்துவிடலாம். தேவைப்பட்டால், பெயரும் பாஸ்வேர்டும் கேட்டு, தகவலைப் பூட்டி அனுப்பும் மூன்றாம் பதிப்புக்கு மாறலாம். கருவி பழையது என்றால் சொல்லை மாற்றி, படிக்க மட்டும் அனுமதி கொடுத்து, ஒரு குறிப்பிட்ட கம்ப்யூட்டர் கேட்டால் மட்டும் பதில் சொல்லும்படி அமைக்கலாம். வீட்டு ரவுட்டர், வைஃபை பிரின்டர் செட்டிங்ஸிலும் எஸ்.என்.எம்.பி இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

அடுத்த முறை நெட்வொர்க் பார்க்கும் தம்பி அலுவலகத்துக்கு வந்தால், டீ கொடுத்துவிட்டு ஒரு கேள்வி கேளுங்கள்: "நம்ம ஸ்விட்ச்சுல இன்னும் 'பப்ளிக்'தானா தம்பி?"