ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு!

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. புள்ளியியல்)

"ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு" என்பது நம் பாட்டிமார் வாயில் அடிக்கடி வரும் பழமொழி. கஞ்சத்தனத்தைப் புகழும் வாசகம் என்றே நெடுநாள் நான் அதைத் தவறாக எண்ணியிருந்தேன். வீணாகப் போவதாயினும் எவ்வளவு போயிற்று என்பது போட்டவருக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பதே அதன் பொருள் என இன்று உணர்கிறேன்.

புயலும் வெள்ளமும் போரும் பஞ்சமும் மக்களை வாட்டும்போது உலகம் வாரி வழங்குகிறது. அரிசி, மருந்து, துணி, கூடாரம் என்று பொருள்கள் குவிகின்றன. கொடுத்தவர் மனம் குளிர்கிறது. ஆனால் கொடுத்தது போய்ச் சேர்ந்ததா? யாருக்கு, எப்போது, எவ்வளவு சேர்ந்தது? இப்படிக் கேட்பது கருணைக்கு இழுக்கு என்று பலர் நினைக்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. கணக்குப் பார்ப்பதும் கருணையே. ஆனால் அந்தக் கணக்கு அனுப்பிய இடத்தில் முடிந்துவிடக் கூடாது. பெற்றவர் கையில் போய் முடிய வேண்டும்.

உப்பு மூட்டையும் அரிசி மூட்டையும்

என் தந்தை வேதாரண்யம் பகுதியில் உப்பு மூட்டை ஏற்றும் தொழிலாளி. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். சிறு வயதில் அப்பாவுக்குச் சோறு கொண்டு போகும்போது பார்த்திருக்கிறேன். லாரியில் ஏறும் ஒவ்வொரு மூட்டைக்கும் கணக்கர் ஒரு கோடு போடுவார். நான்கு கோட்டுக்கு மேல் ஐந்தாவதைக் குறுக்கே இழுப்பார். இறக்கும் ஊரிலும் ஒருவர் நின்று அப்படியே எண்ணுவாராம். இரண்டும் ஒத்தால்தான் சீட்டில் கையெழுத்து. முதலாண்டில் எங்கள் பேராசிரியர் கரும்பலகையில் அதே ஐந்து கோட்டைப் போட்டு, புள்ளியியலின் முதற்படி இதுதான் என்றபோது எனக்குள் சிரித்துக்கொண்டேன். அந்தப் பாடத்தை நான் உப்பளத்திலேயே படித்துவிட்டேனே!

2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் எங்கள் கரையைக் கடந்தது. அப்போது நான் எட்டாம் வகுப்பு மாணவி. எங்கள் ஓலைக் கூரை போன திசை தெரியவில்லை. எங்கள் ஊர் முதன்மைச் சாலையிலிருந்து மூன்று கிலோமீட்டர் உள்ளே இருக்கிறது. வழியெல்லாம் மரங்களும் மின்கம்பங்களும் விழுந்து கிடந்தன. பல ஊர்களிலிருந்து நல்ல உள்ளம் கொண்டோர் வண்டி வண்டியாகப் பொருள் கொண்டு வந்தார்கள். அவ்வண்டிகள் சாலையோரத்து ஊர்களிலேயே நின்று, அங்கேயே காலியாகித் திரும்பின. சாலையோரத்தில் சில வீடுகளுக்கு நான்கு முறை அரிசி வந்தது. எங்கள் தெருவுக்கு ஆறாம் நாள்தான் ஒரு டிராக்டர் வந்தது.

கொடுத்தவர்களை நான் குறை சொல்லவில்லை. சாலையோரத்து மக்களையும் குறை சொல்லவில்லை. அவர்களும் கூரை இழந்தவர்களே. பொருளை ஏற்றிய ஊரில் எண்ணுவதற்கு ஆள் இருந்தார்கள். இறக்கிய இடத்தில் எண்ணுவதற்கு ஒருவரும் இல்லை. ஒரு மூட்டை உப்புக்கு இரண்டு முறை கணக்கு. ஒரு குடும்பத்தின் பசிக்கு ஒரு முறைகூட இல்லை!

இன்று வகுப்பில் சராசரி பற்றிப் படிக்கும்போது அந்த ஆறு நாட்கள் நினைவுக்கு வருகின்றன. அப்பகுதிக்கு வந்த அரிசி முழுவதையும் குடும்பங்களின் எண்ணிக்கையால் வகுத்திருந்தால் விடை நன்றாகவே வந்திருக்கும். அவர்களுடைய மிகுதியும் எங்களுடைய பட்டினியும் கலந்து "போதுமான அளவு" என்று தாளில் நின்றிருக்கும். சராசரி மட்டும் போதாது, பரவலையும் பார் என்று பேராசிரியர் சொல்வது தேர்வுக்காக மட்டும் அன்று.

வரலாறு தரும் பாடங்கள்

கைவிளக்கேந்திய காரிகை என்று பிளாரன்ஸ் நைட்டிங்கேலை நாம் பள்ளியில் படித்தோம். அவர் லண்டன் புள்ளியியல் கழகத்தின் முதல் பெண் உறுப்பினர் என்பதைப் பலர் அறியோம். அவர் தொண்டாற்றிய கிரிமியப் போரில் நடந்ததைக் கேளுங்கள். பச்சைக் காய்கறி இன்றி வீரர்கள் ஸ்கர்வி நோயால் துன்புற்றார்கள். அதற்கு மருந்தான எலுமிச்சைச் சாறு சுமார் 20,000 பவுண்டு 1854 டிசம்பரிலேயே பலக்லாவா துறைமுகத்துக்கு வந்துவிட்டது. ஆனால் அன்றாடப் படியில் சேர்த்து வழங்கு என்று உத்தரவிட ஒருவரும் இல்லாமையால், 1855 பிப்ரவரி வரை அது வீரர்களுக்கு வழங்கப்படவில்லை. மருந்தும் நோயும் ஒரே ஊரில் இருந்தன. இடையில் செய்தி போகவில்லை. போருக்குப்பின் வீரர்களின் சாவுகளைக் காரணவாரியாகப் பிரித்து, 1858இல் வண்ண வரைபடமாக்கி ஆட்சியாளர் முன் வைத்தார் நைட்டிங்கேல். காயத்தால் மாண்டவர்களைவிடத் தடுக்கக்கூடிய நோயால் மாண்டவர்களே மிகப் பலர் என்பதை அந்தப் படம் எவருக்கும் விளங்கச் சொன்னது.

1988 டிசம்பர் 7இல் ஆர்மீனியாவில் பெரும் நிலநடுக்கம் ஏற்பட்டது. உலக நாடுகள் சுமார் 5,000 டன் மருந்தும் மருத்துவப் பொருளும் அனுப்பின. அவற்றில் உடனே பயன்படுத்தத்தக்க நிலையில் இருந்தவை 30 விழுக்காடுதான் என்று பின்னர் நடந்த ஆய்வு கூறுகிறது. காலாவதியானவையும், தேவையற்றவையும், புரியாத மொழியில் பெயர் எழுதியவையும் கலந்து கிடந்தன. வந்தது என்ன என்று தெளிவாக அறியவே ஐம்பது பேர் ஆறு மாதம் உழைக்க நேர்ந்தது. இறுதியில் ஐந்தில் ஒரு பங்கை அழிக்க வேண்டியதாயிற்று. மருந்து கொடுத்த கையே வேலையையும் சேர்த்துக் கொடுத்துவிட்டது!

நான் பிறப்பதற்குச் சில மாதங்களுக்கு முன், 2004 டிசம்பர் 26இல், ஆழிப்பேரலை வந்தது. எங்கள் நாகை மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். அப்போது லாரி லாரியாக வந்த பழைய துணிகள் தெருவோரங்களில் மலைபோல் கிடந்ததைப் பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள். உடுத்திக் களைந்ததை எடுத்து உடுத்த மீனவ மக்களின் தன்மானம் இடம் தரவில்லை. அதே நாகையில்தான் நல்ல முன்மாதிரியும் பிறந்தது. மாவட்ட நிர்வாகத்தோடு சேர்ந்து தொண்டு நிறுவனங்களின் ஒருங்கிணைப்பு மையம் ஒன்று இயங்கியது. எந்தக் குப்பத்துக்கு என்ன தேவை, யார் எங்கே வேலை செய்கிறார்கள் என்ற விவரத்தை ஊர்வாரியாகத் திரட்டி, உதவ வந்தவர்களுக்கு வழி காட்டியது.

சங்கிலியும் அதன் கண்ணிகளும்

இத்தகைய பாடங்களிலிருந்து பல ஏற்பாடுகள் தோன்றின. தென், வட அமெரிக்க நாடுகளுக்கான நலவாழ்வு அமைப்பு 1990களில் "சுமா" என்ற முறையைப் பரப்பியது. வந்திறங்கும் ஒவ்வொரு பெட்டியையும் பிரித்துப் பார்த்து, உடனே வேண்டியதற்குச் சிவப்பு, பிறகு வேண்டியதற்கு நீலம், பயனற்றதற்குக் கறுப்பு எனச் சீட்டு ஒட்டி, கணினியில் ஏற்றுவதே அம்முறை. நன்கொடை மருந்து வந்து சேரும்போது காலாவதிக்கு ஓராண்டேனும் இருக்க வேண்டும் என்று 1996இல் உலக நலவாழ்வு நிறுவனம் நெறி வகுத்தது. 2020இல் அமைதிக்கான நோபல் பரிசு பெற்ற உலக உணவுத் திட்டம், உணவு வழங்குவதோடு மற்றத் தொண்டு நிறுவனங்களின் சரக்குப் போக்குவரத்தையும் ஒருங்கிணைக்கிறது.

நிவாரணப் பொருளின் பயணம் ஒரு சங்கிலி. கொள்முதல், துறைமுகம், கிடங்கு, லாரி, வழங்கும் மையம், குடும்பம் என்று அதில் பல கண்ணிகள். ஒவ்வொரு கண்ணியிலும் ஒரு சீட்டு வேண்டும். 200 மூட்டை புறப்பட்டு 196 வந்தால், அந்த நான்கு எங்கே? கிழிந்ததா, நனைந்ததா, களவு போனதா? நான்கு மூட்டைதானே என்று விடுபவர் நாளை நாற்பதையும் விடுவார்.

ஒரு சிறு கணக்கைப் பாருங்கள். ஒரு முகாமில் 5,000 பேர். ஆளுக்கு நாளொன்றுக்கு 400 கிராம் தானியம் என்றால் ஒரு நாளைக்கு 2 டன் வேண்டும். லாரி வந்து சேரப் பத்து நாளாகும் என்றால், கிடங்கில் 20 டன் இருக்கும்போதே அடுத்த லாரிகள் புறப்பட வேண்டும். மழையால் பாதை கெட்டு, பத்து நாள் பதினாறு நாளானால்? ஆறு நாள் அடுப்பெரியாது. ஆகவே லாரி வரும் சராசரி நாளைத் தெரிந்துகொண்டால் போதாது. எவ்வளவு தாமதமாகக்கூடும் என்பதையும் பழைய பதிவுகளிலிருந்து கணித்து, அதற்கு ஈடாக இருப்பு வைக்க வேண்டும். இங்கே பரவலை மறந்தால் மதிப்பெண்ணா குறையும்? உயிரல்லவா போகும்!

கடைசிக் கண்ணிதான் மிக முக்கியம். பொருள் வழங்கி முடிந்த பிறகு, குலுக்கல் முறையில் சில வீடுகளைத் தேர்ந்து, நேரில் சென்று கேட்க வேண்டும். கிடைத்ததா? எவ்வளவு? எது பயன்படவில்லை? இப்பணிக்குத் தலைமை ஏற்பவருக்குக் கணிதம் தெரிந்தால் மட்டும் போதாது. "சேரவில்லை" என்ற விடை வந்தால், மேலிடத்துக்குப் பிடிக்காது என்று மறைக்காமல் அப்படியே எழுதி அனுப்பும் துணிவும் வேண்டும்.

பசித்தவர் முன் பட்டியலா?

"பசித்தவர் முன் நோட்டுப் புத்தகத்தை நீட்டுவதா?" என்று சிலர் கேட்பர். நியாயமான கேள்வி. கஜா புயலில் எங்கள் அப்பாயியின் குடும்ப அட்டை நனைந்து கூழாகிவிட்டது. டிராக்டரில் வந்தவர் பட்டியலைப் புரட்டி, "பெயர் இல்லை பாட்டி" என்றார். அப்பாயி ஒன்றும் பேசாமல் வெறும் பையோடு திரும்பி வந்தார். அந்தப் பையை நான் மறக்கவில்லை.

ஏமன் நாட்டு நிகழ்ச்சி இதை இன்னும் பெரிதாகக் காட்டுகிறது. பட்டியலில் பெயர் இருந்தும் பலருக்கு உணவு சேரவில்லை, அது வேறு கைகளுக்குப் போகிறது என்பதை உலக உணவுத் திட்டம் 2018இல் வெளிப்படுத்தியது. பெற வேண்டிய மக்களிடமே கேட்டதால்தான் அந்த உண்மை வெளிவந்தது. ஆனால் அதன்பின் கைரேகைப் பதிவு உள்ளிட்ட கட்டுப்பாடுகள் குறித்து அங்குள்ள அதிகாரத்தோடு பிணக்கு மூண்டது. 2019 ஜூனில் தலைநகர் சனாவில் சுமார் 8,50,000 பேருக்கான உணவு நிறுத்தப்பட்டது. ஆகஸ்டில்தான் மீண்டும் தொடங்கியது. களவைக் கண்டுபிடித்ததும் கணக்கு. பசித்தவரைக் காக்க வைத்ததும் கணக்கு!

எனவே என் கருத்து இது. கணக்கு பொருளைச் சோதிக்க வேண்டும். பசித்தவரைச் சோதிக்கக் கூடாது. பெயர் இல்லை என்றால் பையை நிரப்பிவிட்டுப் பெயரை எழுதிக்கொள்வதே முறை. முதல் சில நாட்களில் கையால் கொடு, கண்ணால் எண்ணு. அதன் பிறகு வரும் ஒவ்வொரு வண்டியும் அந்த எண்ணிக்கையின் வழிப் போகட்டும்.

நாம் என்ன செய்யலாம்?

ஊருக்கு உபதேசம் சொல்லிவிட்டு நம்மை மறக்கலாகாது. 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் விழுப்புரம், கடலூர் மாவட்டங்களை வெள்ளக்காடாக்கியபோது நாமும் பொருள் திரட்டினோம். ஒரு வகுப்பறை நிரம்பியது. பழைய புடைவை மிகுதி, ரொட்டி மிகுதி, கொசுவலையும் நாப்கினும் மிகக் குறைவு. மூன்றாம் நாள் வண்டி புறப்பட்டபோது பாதி ரொட்டியில் பூஞ்சை பூத்திருந்தது. வண்டி எந்த ஊருக்குப் போகிறது என்று கேட்டேன். அருகில் நின்ற எவருக்கும் தெரியவில்லை. ஆனாலும் எல்லோரும் கைதட்டினோம், நானும் தட்டினேன்.

அடுத்த முறை அப்படி ஆகக் கூடாது. நாட்டு நலப்பணித் திட்டத்தாரும் எங்கள் புள்ளியியல் துறையினரும் சேர்ந்து ஒரே ஒரு நோட்டுப் புத்தகம் வைத்தால் போதும். என்ன வந்தது, எப்போது கெடும், எங்கே அனுப்பினோம், யார் பெற்றார், எது சேரவில்லை என்று அதில் ஐந்து பத்திகள். பொருள் திரட்டும் முன்பே பாதிக்கப்பட்ட ஊராட்சிக்குத் தொலைபேசியில் பேசி, என்ன வேண்டும் என்று கேட்போம். அனுப்பிய ஒரு வாரத்தில் நம்மில் இருவர் அவ்வூருக்குச் சென்று, சாலையோரத்தில் நிற்காமல் கடைசித் தெரு வரை நடந்து வருவோம். ஐந்தாம் பத்தி நிறைந்திருந்தால் வெட்கப்பட வேண்டாம். அதை மறைத்தால்தான் வெட்கப்பட வேண்டும். இதைப் பேராசிரியப் பெருமக்கள் முன் பணிவோடு வேண்டுகோளாகவே வைக்கிறேன்.

நம் கல்லூரியில் படிப்போரில் பலர் என்னைப்போல் உள்ளூர்த் தெருக்களிலிருந்து முதன்முதலாகப் படிக்க வந்தவர்கள். வண்டி வராத தெருவில் காத்திருப்பது எப்படி இருக்கும் என்பது நமக்குத் தெரியும். இந்தப் பணிக்கு அதைவிடப் பெரிய தகுதி உண்டோ?

"நீ படிக்கிற படிப்புக்கு என்ன வேலை கிடைக்கும்?" என்று அப்பா ஒருநாள் கேட்டார். "ஏற்றுகிற இடத்தில் எண்ணுவதற்கு நிறையப் பேர் இருக்காங்க அப்பா. இறக்குகிற இடத்தில் எண்ணத்தான் ஆள் இல்லை" என்றேன். அவர் சிரித்தபடி தலையாட்டினார். அவருக்கு அது புரியாத செய்தியா என்ன?

எண்ணிக் கொடுப்போம், கொடுத்தபின்னும் எண்ணுவோம்!