கொஞ்சூண்டு

போன தை மாதம் என் அத்தை எனக்கு விஷம் வைத்தாள். ஒளித்து மறைத்து வைக்கவில்லை. பட்டப்பகலில், கும்பகோணத்தில், இருபது பேர் பார்த்துக்கொண்டிருக்கையில், வெள்ளிக் கிண்ணத்தில், முந்திரியும் திராட்சையும் போட்டு, நெய் மணக்க மணக்க வைத்தாள். "உனக்குன்னே பண்ணினேண்டா, சாப்பிடு" என்று வேறு சொன்னாள். ரவா கேசரி.

அத்தைக்கு எழுபத்தெட்டு வயது. என்னை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு நிலாவைக் காட்டியவள். எங்களுக்குள் சொத்துத் தகராறு எதுவும் கிடையாது. என் மேல் அவளுக்குக் கொள்ளைப் பிரியம். சங்கடமே அங்கேதான் இருக்கிறது. வேண்டாதவன் வைத்தால் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து வரலாம். அத்தை வைத்ததைத் தள்ள நான் எந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தேன்?

விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். எனக்குச் சீலியாக் என்று ஒரு வியாதி. கோதுமையிலும் பார்லியிலும் ரை என்கிற ஐரோப்பியத் தானியத்திலும் குளூட்டன் என்ற புரதம் இருக்கிறது. சப்பாத்தி மாவைப் பிசைந்து இழுத்தால் ரப்பர் மாதிரி வருகிறதே, அந்த இழுவை அதனுடையது. அது என் வயிற்றுக்குள் போனால் என் உடம்பு யாரோ எதிரி புகுந்துவிட்டதாக நினைத்துச் சண்டைக்குக் கிளம்புகிறது. எதிரியை விட்டுவிட்டு என் சிறுகுடலையே அடித்து நொறுக்குகிறது. குடலின் உட்பக்கத்தில் ஜமக்காளத்தின் குஞ்சம் மாதிரி நெருக்கமாக முளைத்திருக்கும் இழைகள்தாம் சாப்பாட்டின் சத்தை உறிஞ்சி ரத்தத்துக்கு அனுப்புகின்றன. அவை தேய்ந்து மொட்டையாகிவிட்டால் அமிர்தத்தைச் சாப்பிட்டாலும் உடம்பில் ஒட்டாது. இதற்கு மருந்து கிடையாது. கோதுமையை ஆயுள் முழுக்க விட்டுவிட வேண்டும். விட்டுவிட்டால் இழைகள் திரும்ப முளைக்கும். வைத்தியம் அவ்வளவுதான்.

நாலு வருஷத்துக்கு முன்னால் ரத்தப் பரிசோதனை செய்து, குழாய் விட்டுக் குடலில் கிள்ளி எடுத்துப் பார்த்துக் கண்டுபிடித்தார்கள். அதற்கு முன் எட்டு வருஷம் சோகை, வயிற்று உப்புசம், இளைப்பு. இரும்புச் சத்து மாத்திரையை மிட்டாய் மாதிரி தின்றேன். ஒரு பெரிய டாக்டர், "அரிசியைக் குறையுங்கள், ராத்திரி இரண்டு சப்பாத்தி போதும்" என்றார். நான் சொன்ன பேச்சைக் கேட்கிற நோயாளி. எட்டு வருஷம் தவறாமல் ராத்திரி இரண்டு சப்பாத்தி. வியாதிக்குப் பால் ஊற்றி வளர்த்தேன் என்று சொல்லக்கூடாது. கோதுமை ஊட்டி வளர்த்தேன்.

வியாதியின் பெயர் தெரிந்துவிட்டது, இனிக் கஷ்டம் தீர்ந்தது என்று நினைத்தேன். உறவினர்களை மறந்துபோனேன்.

முதல் கோளாறு பெயரிலேயே வந்தது. குளூட்டன் என்று நான் சொன்னதை என் அத்திம்பேர் குளூக்கோஸ் என்று வாங்கிக்கொண்டார். வாங்கியதைத் தம்மோடு வைத்துக்கொள்ளவும் இல்லை. ஒரு வாரத்தில் தஞ்சாவூர் ஜில்லா முழுவதும் எனக்குச் சர்க்கரை வியாதி என்று செய்தி பரவிவிட்டது. அதன் பிறகு எந்த வீட்டுக்குப் போனாலும் எனக்கு மட்டும் சர்க்கரை இல்லாத காப்பி. எல்லோருக்கும் சாதம் பரிமாறிவிட்டு, "உனக்குத் தனியாப் பண்ணி வச்சிருக்கேன்" என்று ரகசியமாகக் கொண்டுவந்து வைப்பார்கள்: சுடச்சுடச் சப்பாத்தி! எனக்கு ஆகிற அரிசியைப் பறித்துக்கொண்டு, ஆகாத கோதுமையைக் கொடுத்து, ஆகிற சர்க்கரையையும் நிறுத்திவிட்ட அந்த ஏற்பாட்டை என் ஜன்ம விரோதிகூட இவ்வளவு கச்சிதமாகச் செய்திருக்க முடியாது.

கோதுமை என்று புரிந்துகொண்டவர்களோ இன்னும் ஆபத்தானவர்கள். "கோதுமை இல்லையேடா, ரவைன்னா இது!" என்றாள் அத்தை. ரவை எங்கே விளைகிறது என்று கேட்டேன். செட்டியார் கடையில் என்றாள். சேமியா கோதுமை இல்லை, அது பாயசம். மைதா மரவள்ளிக் கிழங்கு மாவு என்று சத்தியம் செய்கிறார் என் சிற்றப்பா. அல்வாவுக்கு என் மன்னி சொன்ன வியாக்கியானம் எல்லாவற்றையும் தூக்கி அடித்தது. "கோதுமையை ஊறப்போட்டு அரைச்சுப் பாலைத்தானே எடுக்கறோம்? கோதுமைச் சக்கையைத் தூக்கி எறிஞ்சுடறோமே!" தர்க்க சாஸ்திரத்தில் பட்டம் வாங்கியவர்கள் யாராவது இதற்குப் பதில் சொல்லட்டும். என்னால் முடியவில்லை.

இதில் அவர்களை மட்டும் குற்றம் சொல்லிப் பயன் இல்லை. சாப்பாடு என்றால் நமக்குச் சாதம். மற்றதெல்லாம் டிபன். எங்கள் வீட்டில் ஏகாதசியன்று பாட்டி பட்டினி. பட்டினி என்பதற்கு அடையாளமாக ஒரு பெரிய வாணலி நிறைய ரவா உப்புமா. அரிசி தொடாவிட்டால் சாப்பிடாததாகத்தான் கணக்கு. பகவானே கணக்கில் சேர்க்காத ஒரு வஸ்துவை என் சிறுகுடல் கணக்கில் சேர்க்கிறது என்றால் அத்தை எப்படி நம்புவாள்?

1942-ல் பர்மா ஜப்பானியர் கையில் விழுந்து அங்கிருந்து வந்த அரிசி நின்றுபோனபோது, ரேஷனில் கோதுமை கொடுத்தார்களாம். அதை என்ன செய்வது என்று தெரியாமல் என் தாத்தா வீட்டில் முகத்தைச் சுளித்துக்கொண்டு கஞ்சி காய்ச்சினார்களாம். அதே கோதுமைதான் இன்று நம் வீடுகளில் பத்தியச் சாப்பாடு. நோயாளியைப் பார்க்கப் போகிறவர்கள் ஆரஞ்சுப் பழத்தோடு ஒரு பவுடர் புட்டி எடுத்துப்போகிறார்களே, அது கோதுமையும் முளைகட்டிய பார்லியும் சேர்ந்தது. நான் படுத்திருந்த வாரத்தில் என் அலமாரியில் ஏழு புட்டிகள் சேர்ந்தன.

அதே யுத்தத்தில், பூமியின் இன்னொரு பக்கத்தில், கதை தலைகீழாக நடந்தது. ஹாலந்தில் டிக்கே என்று ஒரு குழந்தை வைத்தியர். இந்த வியாதியுள்ள குழந்தைகளுக்குக் கோதுமைதான் எமன் என்று அவருக்கு யுத்தத்துக்கு முன்பே சந்தேகம். 1944-45 குளிர்காலத்தில் அந்த நாட்டில் கொடிய பஞ்சம். ஜனங்கள் டியூலிப் கிழங்கைத் தின்றார்கள். ரொட்டி இல்லை. ஊரே வாடியபோது, டிக்கேயின் நோயாளிக் குழந்தைகள் தேறின! பஞ்சம் தீர்ந்து ரொட்டி வந்தது. அவை மறுபடி படுத்துக்கொண்டன. 1950-ல் அவர் அதை ஆராய்ச்சி நூலாக எழுதினார். அதற்கு முன்பு வைத்தியர்கள் தட்டிப் பார்க்காத கதவு இல்லை. 1888-ல் லண்டனில் ஸாமுவேல் கீ என்ற டாக்டர் இந்த வியாதியைப் பற்றி எழுதியபோது, தினம் ஒரு படி டச்சுச் சிப்பி தின்று நன்றாகத் தேறிய ஒரு குழந்தையைக் குறிப்பிடுகிறார். சிப்பிப் பருவம் முடிந்ததும் வியாதி திரும்பியது. அடுத்த பருவத்தில் அந்தக் குழந்தை சிப்பியைத் தொடவே மறுத்துவிட்டது. அந்தக் குழந்தையை எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. அதற்கு அத்தை இல்லை போலிருக்கிறது.

இத்தனையையும் எடுத்துச் சொன்னால் வருகிற பதில் ஒரே ஒரு வார்த்தை. கொஞ்சூண்டு. "கொஞ்சூண்டு சாப்பிட்டா ஒண்ணும் பண்ணாது." தமிழில் இதைவிடக் கொடுமையான வார்த்தை எனக்குத் தெரியவில்லை. கொஞ்சூண்டு எவ்வளவு என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள். 2007-ல் வெளியான இத்தாலிய ஆராய்ச்சி ஒன்றில், தினம் 50 மில்லிகிராம் குளூட்டன் மூன்று மாதம் உள்ளே போனால் குடல் இழைகள் சேதப்படுகின்றன என்று கண்டார்கள். ஒரு ரொட்டித் துண்டில் இருப்பதில் அது ஒரு பிசிறு. குளூட்டன் இல்லாதது என்று ஒரு பண்டத்தின் மேல் அச்சடிக்க வேண்டுமானால் கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்பது சட்டம். அத்தையின் ஒரு கரண்டி கேசரியில் எனக்கு எத்தனை மாதக் கொஞ்சூண்டு இருக்கிறது என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

"அப்போ இவனுக்கு என்னதான் போடறது?" என்று அங்கலாய்ப்பவர்களைக் கண்டால்தான் எனக்குக் கோபம் பொங்குகிறது. பஞ்சாபில் பிறந்து இந்த வியாதி வந்திருந்தால் நான் அழலாம். இட்லியும் ஆப்பமும் இடியாப்பமும் புளியோதரையும் தயிர்சாதமும் உள்ள தேசத்தில் பிறந்தவனுக்கு என்ன குறை? சாதத்தைப் போட்டு மோரை ஊற்றுங்கள், நான் சந்தோஷமாகச் சாப்பிட்டுவிட்டுப் போகிறேன். அது போதாதாம். வந்தவனுக்கு அரிசிச் சோற்றைப் போட்டு அனுப்பினால் கௌரவக் குறைவாம். ஆக, கேசரி எனக்காகப் பண்ணப்படவில்லை. அந்த வீட்டின் கௌரவத்துக்காகப் பண்ணப்படுகிறது. அதைச் சுமக்கும் கூலி என் குடல்.

புளியோதரை என்றேன். அதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. பெருங்காயம். ஈரானிலும் ஆப்கானிஸ்தானத்திலும் ஒரு செடியின் வேரைக் கீறி எடுக்கும் பிசின் அது. சுத்தமான பெருங்காயத்தின் காரமும் நெடியும் தாங்காது என்பதால் மாவையும் கருவேலம் பிசின் போன்ற பசையையும் கலந்து விற்கிறார்கள். அந்த மாவு பெரும்பாலும் கோதுமை அல்லது மைதா. டப்பாவைத் திருப்பிப் பாருங்கள், எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்தில் போட்டிருக்கும். சாம்பார், ரசம், ஊறுகாய், அப்பளம், மோர்க்குழம்பு, தாளித்த மோர் எல்லாவற்றிலும் அந்தச் சிட்டிகை உண்டு. இரண்டு வருஷம் நான் கோதுமையைக் கண்ணால்கூடப் பார்க்காமல் இருந்தும் ரத்தப் பரிசோதனை சரியாகவில்லை. டாக்டர் என்னைத் திருடனைப் பார்ப்பது போலப் பார்த்தார். கடைசியில் அகப்பட்ட திருடன் எங்கள் வீட்டு அஞ்சறைப்பெட்டிக்குப் பக்கத்தில் டப்பாவில் இருந்தான். அரிசிமாவு சேர்த்த பெருங்காயத்தைத் தேடி வாங்கிய ஆறாவது மாதம் ரத்தம் சரியாயிற்று. பெருங்காயம் ஆகாது என்று நான் சொன்னதைக் கேட்டு என் மாமியார், "ரசத்துலே பெருங்காயம் வேண்டாம்கிறவரை என் வாழ்நாள்லே பார்த்ததில்லை" என்று என் மனைவியிடம் வருத்தப்பட்டாராம். பெண்ணைத் தவறான இடத்தில் கொடுத்துவிட்டோம் என்கிற தொனி.

இன்னொரு கூட்டத்தாரையும் விடுவதற்கில்லை. இடுப்பு மெலிவதற்காகக் கோதுமையை விடுகிற நாகரிகஸ்தர்கள். திங்கள் முதல் சனிவரை குளூட்டன் தொடமாட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை கேக் சாப்பிடுவார்கள். அவர்கள் உடம்பு, அவர்கள் இஷ்டம். ஆனால் என் சித்தி பெண் அந்த ரகம். அவள் ஞாயிற்றுக்கிழமை கேக் சாப்பிட்டதைப் பார்த்தவர்கள், திங்கட்கிழமை என் தட்டில் பூரியைப் போட்டு, "அவளுந்தான் விரதம், அப்பப்போ சாப்பிடலையா?" என்கிறார்கள்.

இதெல்லாம் சிரிப்பாகத்தான் இருந்தது, என் வரையில். சிரிப்பு நின்ற இடத்தைச் சொல்ல வேண்டும்.

இந்த வியாதி குடும்பத்தில் ஓடுவது. எனக்கு ஒரே பெண், ஒன்பது வயது. வகுப்பிலேயே குள்ளம், முகத்தில் ரத்தம் இல்லை. அவளையும் பரிசோதித்துவிடுங்கள் என்றார் டாக்டர். பெண் குழந்தைக்கு வியாதிக்காரி என்று பட்டம் கட்டாதே என்று அம்மா தடுத்தாள். ஒரு வருஷம் நானும் அந்தப் பேச்சைக் கேட்டேன். அந்த ஒரு வருஷத்துக்கு நான்தான் பொறுப்பு. அத்தையின் தலையிலோ அம்மாவின் தலையிலோ போடமாட்டேன். பிறகு அழைத்துப் போனேன். பரிசோதனை முடிகிறவரை கோதுமையை நிறுத்தக்கூடாது, நிறுத்தினால் வியாதி இருந்தாலும் தெரியாமல் போய்விடும் என்று டாக்டர் சொன்னார். வீட்டில் அது எப்படிப் புரிந்துகொள்ளப்பட்டது என்பதை ஊகித்திருப்பீர்கள். "டாக்டரே சாப்பிடச் சொல்லிட்டார்!" அன்று சாயங்காலம் கோதுமை அல்வா கிளறினார்கள்.

அவளுக்கும் இருந்தது. கோதுமையை விட்டு எட்டு மாதம் ஆகியும் எடை ஏறவில்லை. ஒரு நாள் ராத்திரி, விளக்கை அணைத்த பிறகு, இருட்டில் சொன்னாள்: "அப்பா, நான் பாட்டி கொடுக்கறச்சே சாப்பிட்டுடறேன். வேண்டாம்னா பாட்டி அழறா."

எனக்கு வயது நாற்பத்தேழு. கேசரியை வாங்கி வாழையிலைக்கு அடியில் ஒளிக்கத் தெரியும், ஜலதோஷம் என்று பொய் சொல்லத் தெரியும், சண்டை போடவும் தெரியும். ஒன்பது வயதுக் குழந்தை என்ன செய்யும்? பாட்டியின் கண்ணீரா, தன் வயிறா என்று கேட்டால் பாட்டிதான் என்று சொல்லிவிட்டு ராத்திரி வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்திருக்கும்.

மறுநாள் அம்மாவிடம் பேசினேன். இதுவரை அம்மாவிடம் அப்படிப் பேசியதில்லை. இங்கே எழுதவும் விருப்பமில்லை. இரண்டு நாள் அவள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் எங்கள் சமையலறையிலிருந்து ரவை டப்பாவும் மைதா டப்பாவும் வேலைக்காரியின் வீட்டுக்குப் போயின. சப்பாத்திக் கல்லும் போயிற்று. குழந்தை இப்போது இரண்டு கிலோ ஏறியிருக்கிறாள்.

உறவினர்கள் எல்லோருக்கும் நீளமாக ஒரு கடிதம் எழுதிப் போட்டேன். கோதுமை, ரவை, சம்பா ரவை, மைதா, சேமியா, பெருங்காயம், பூரி பொரித்த எண்ணெய், சப்பாத்தி போட்ட கல் என்று ஒன்று விடாமல். முதலில் டெலிபோன் செய்தது அத்தைதான். கடிதத்தை இரண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டாளாம். குரல் தழுதழுத்தது.

"குழந்தைக்குமாடா? எனக்குத் தெரியாமப் போச்சே. அடுத்த மாசம் அழைச்சுண்டு வா. அரிசியை ரவையா உடைச்சுக் கேசரி பண்ணறேன்."

எனக்குத் தொண்டையை அடைத்தது. "பண்ணு அத்தை, ரொம்ப நன்னா இருக்கும்" என்றேன்.

அத்தை சற்று நேரம் யோசித்தாள்.

"அரிசி தனியா நின்னா குழைஞ்சுடும்டா. சேர்மானத்துக்குக் கொஞ்சூண்டு நம்ம ரவை போடலாமோல்லியோ?"