எழுத்தை நெருக்க வேண்டாம், சொல்லைக் குறைப்போம்

கடைக்குப் போர்டு எழுதக் கொடுக்கும்போது நம் வணிகப் பெருமக்கள் பலரும் சொல்வது ஒன்றுதான்: "எழுத்து பெரிசா, தடிமனா இருக்கணும், எல்லாமும் அடங்கணும்." குன்னூர் மார்க்கெட்டில் கடை முகப்போ குறுகல். ஆகவே எழுத்து உயர்ந்து, ஒடுங்கி, தடித்து நிற்கிறது.

ஆங்கிலத்துக்கு இது பொருந்தும். 1965-ல் இங்கிலாந்தின் ஸ்டீபன்சன் பிளேக் நிறுவனத்துக்காக ஜெஃப்ரி லீ வரைந்த 'இம்பேக்ட்' இவ்வகை எழுத்துதான். 1996-ல் மைக்ரோசாப்ட் இலவசமாக வெளியிட்ட தொகுப்பில் சேர்ந்த பிறகு அது எங்கும் பரவிவிட்டது. நிமிர்ந்த கோடுகளால் ஆன ஆங்கிலப் பெரிய எழுத்துகள் நெருக்கத்தைத் தாங்கும்.

தமிழ் தாங்காது. 'எண்ணெய்' என்று எழுதிப் பாருங்கள். மூன்று சுழி 'ண' இரண்டு முறை வருகிறது. நம் ஊர்ப் பெயரிலேயே இரண்டு 'ன'. ஒடுக்கித் தடித்தால் சுழிகளுக்குள் பெயிண்ட் அடைத்துக்கொள்ளும். 'தேயிலை'யில் வரும் 'லை', 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்குப் பிறகு முன்னால் தனிக் குறியோடு நிற்கிறது. அதற்கும் இடம் வேண்டும். பனிமூட்டத்தில் பஸ்ஸிலிருந்து பார்க்கிற வெளியூர்க்காரருக்கு அது எழுத்தல்ல, கறுப்புப் பட்டை.

இதைவிட மோசம் கம்ப்யூட்டரில் எழுத்தைப் பக்கவாட்டில் அமுக்குவது. நிமிர்ந்த கோடு மெலியும், படுத்த கோடு தடித்தபடியே இருக்கும். லீ செய்தது இதுவல்ல; அவர் ஒவ்வோர் எழுத்தையும் அந்த அகலத்துக்கென்றே வரைந்தார்.

கடைகள், நிறுவனங்கள் விதிகளின்படி பெயர்ப் பலகையில் தமிழ் முதன்மையாக இருக்க வேண்டும். தமிழ், ஆங்கிலம், பிற மொழி 5:3:2 என்ற அளவு. மேல் வரியில் தமிழைக் கசக்கி நுழைத்து விதியைச் சமாளிப்பவர்கள் இருக்கிறார்கள். வாடிக்கையாளரால் வாசிக்க முடியாத தமிழுக்கு ஐந்து பங்கு கொடுத்து என்ன லாபம்?

தேயிலை, மசாலா பாக்கெட் போடும் நண்பர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 2011-ம் ஆண்டு பொட்டலப் பொருள் விதிகளின்படி கட்டாயமாக அச்சிடும் விவரங்களில் எழுத்தின் அகலம் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையக் கூடாது. '1' போன்ற சிலவற்றுக்கு மட்டும் விலக்கு. 3 மில்லிமீட்டர் உயரமான எண்ணுக்கு 1 மில்லிமீட்டர் அகலமாவது வேண்டும். அமுக்கியவர் அச்சகத்துப் பையன். ஆய்வு வரும்போது பதில் சொல்வது நாம்.

விலைப் பலகை எண்களையும் அதிகம் ஒடுக்காதீர்கள். 38 தூரத்தில் 88 ஆகத் தெரிந்தால் வாடிக்கையாளர் அடுத்த கடைக்குப் போய்விடுவார்.

போர்டில் இடம் போதவில்லையென்றால், "எங்களிடம் கிடைக்கும்" என்று தொடங்கும் நீண்ட பட்டியலை எடுத்துவிடலாம். அரிசி, பருப்பு விற்பது மளிகைக் கடை என்ற சொல்லிலேயே இருக்கிறது. கடைப் பெயர், சரக்கு வகை, இரண்டே வரி. தடித்த ஒடுங்கிய எழுத்து வேண்டுமானால் ஆங்கில வரிக்கு வைத்துக்கொள்ளுங்கள். அச்சடிக்கும் முன் மாதிரித் தாளைச் சுவரில் ஒட்டி, எதிர்ப்பக்கக் கடை வாசலிலிருந்து ஒருமுறை வாசித்துப் பாருங்கள். முடிந்தால் மழை நாளில்.