எலும்புக்கூட்டிற்கு ஏன் முகம் கொடுத்தீர்கள்?



'ஏலியன்' திரைப்பட வரிசையைப் பற்றித் தமிழ்ப்பள்ளி ஆசிரியர் எழுதுவதா என்று சிலர் முகம் சுளிக்கலாம். சுளிக்கட்டும். அவை சிறுவர்க்கான படங்கள் அல்ல என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆயினும், அவற்றின் இரசிகர்கள் ஓயாமல் நடத்திவரும் வழக்கொன்று கதை சொல்லும் நம் எல்லாரையும் தொடுகிறது.

1979-இல் ரிட்லி ஸ்காட் இயக்கிய முதற்படத்தில், கைவிடப்பட்ட விண்கலத்தினுள் மாபெரும் உடல் ஒன்று அமர்ந்திருக்கும். இருக்கையோடு ஒன்றாய் வளர்ந்து கல்லாகிவிட்ட தோற்றம். முகத்திலிருந்து யானைத் துதிக்கை போல ஒன்று கீழிறங்கும். விலா எலும்புகள் உள்ளிருந்து வெளிநோக்கி வளைந்திருக்கும். அது யார்? எங்கிருந்து வந்தது? படம் வாய் திறப்பதில்லை. அவ்வுருவை வடித்தவர் சுவிட்சர்லாந்து ஓவியர் எச்.ஆர். கீகர். (அரங்கம் இன்னும் பெரிதாகத் தெரிய வேண்டுமென, ஸ்காட் தம் பிள்ளைகளுக்கே விண்வெளி உடை அணிவித்து அதனருகே நடக்கவிட்டார்!)

'ஸ்பேஸ் ஜாக்கி' என்று பெயர் பெற்ற அவ்வுரு 33 ஆண்டுகள் மௌனமாகவே அச்சுறுத்திற்று. 2012-இல் 'புரொமீதியஸ்' படத்தில் அதே ஸ்காட் அதன் வாயைத் திறந்துவிட்டார். துதிக்கை வெறும் தலைக்கவசமாம். உள்ளே இருப்பவன் வெளிறிய தோலுடைய நெட்டை மனிதனாம். மனித இனத்தின் மரபணுவே அவர்கள் தந்ததாம்! 2017-இல் வந்த 'ஏலியன்: கவெனன்ட்', அந்தக் கொடிய உயிரியையும் டேவிட் என்னும் இயந்திர மனிதன் ஆய்வு செய்து வளர்த்ததாகக் காட்டிற்று. டேவிட்டாக நடித்த மைக்கேல் ஃபாஸ்பெண்டரின் நடிப்பில் எனக்குக் குறையில்லை. குறை அவரிடம் ஒப்படைக்கப்பட்ட வேலையில்தான்.

"விடை வேண்டுமென்று கேட்டவர்களே நீங்கள்தாமே?" என்பர் ஆதரவாளர். கேட்டோம். பேய்க்கதை கேட்கும் பிள்ளையும் "அப்புறம்? அப்புறம்?" என்றுதான் கேட்கும். அதற்காகப் பேயின் பிறப்புச் சான்றிதழையா எடுத்து நீட்டுவது?

முதற்படத்தின் வலிமையே அடக்கம். கீகரின் உயிரிக்குக் கண்களே இல்லை. ஆகவே அது எங்கே பார்க்கிறது என்பதை நாம் அறிய இயலாது. ரிப்ளி பாத்திரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆணோ பெண்ணோ நடிக்கலாம் என்றுதான் அப்படத்தின் பாத்திரங்கள் எழுதப்பட்டன. சிகர்னி வீவர் ஏற்ற அப்பெண்ணின் பெற்றோர், ஊர் எதுவும் முதற்படத்தில் இல்லை. எனினும், இறுதிவரை அவள் பின்னால்தானே மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓடுகிறோம்? (1992-இல் வந்த மூன்றாம் படம், சிறுமி நியூட்டைத் தொடக்கத்திலேயே கொன்றது. அது கொடுமைதான், ஆனால் வேறு வழக்கு.)

நம் வகுப்பறையிலும் இதே கொலைதான் நடக்கிறது. கதை முடிந்து பிள்ளைகள் வாய் பிளந்து அமர்ந்திருக்கும் அந்த நொடியிலேயே, "இக்கதை உணர்த்தும் படிப்பினை யாது?" என்று கரும்பலகையில் எழுதத் தொடங்குகிறோம். வீட்டில் பெற்றோரோ, பிள்ளை கேட்பதற்கு முன்பே பொருள் சொல்லி முடித்துவிடுகின்றனர். பிறகு, கட்டுரையில் கற்பனை வளம் இல்லையே என்று அப்பிள்ளைகளையே கடிந்துகொள்கிறோம். புரொமீதியஸ் எடுத்தவர்களை நான் கடிவதும் இக்காரணத்தினால்தான்.

2024-இல் 'ஏலியன்: ரோமுலஸ்' எடுத்த ஃபெடே அல்வாரெஸ், இருண்ட கூடங்களுக்கும் கையால் இயக்கும் பொம்மையுருக்களுக்கும் திரும்பினார், மகிழ்ந்தேன். ஆனால், 'புரொமீதியஸ்' விட்டுச்சென்ற கருந்திரவம் அவர் படத்திற்குள்ளும் ஒழுகிக்கொண்டுதான் இருக்கிறது.