சரித்திரக் காவலர்

தம் முன்னோரின் புகழைக் கூறும் ஏடுகளைப் போற்றுதல் எச்சமூகத்தார்க்கும் இயல்பு. அவர்தம் பழியைக் கூறும் ஏடுகளையும் அழியாது காப்போரே சரித்திரக் காவலர் என்னும் பெயருக்கு உரியர் என்பது நமது துணிபு. இதற்கு அமெரிக்க நாட்டு மார்மன் சபையாரிடையே தக்க சான்றொன்று உண்டு.

1830-ஆம் ஆண்டில் தோன்றிய இச்சபையார், நாட்குறிப்பு எழுதுதலைத் தொடக்கமுதல் பெரிதும் பேணியவர். 1847 முதல் அவர்கள் யூட்டாப் பிரதேசத்திற் குடியேறினர். அதன் தென்பகுதியிலுள்ள மவுண்டன் மெடோஸ் என்னும் புல்வெளியில், 1857 செப்டம்பரில், கலிபோர்னியா நோக்கிச் சென்ற பிரயாணிகள் ஏறக்குறைய 120 பேரை, அபயம் அளிப்பதாகக் கூறி அழைத்து, அவ்விடத்து மார்மன் படையினர் கொன்றனர். பழியோ பையூட் பழங்குடியினர் மீது சுமத்தப்பட்டது; பின்னர் ஜான் லீ என்னும் ஒருவர் மட்டும் 1877-இல் மரணதண்டனை அடைந்தார். ஏனையோருட் பலர் வாய் திறந்திலர்.

ஜுவானிட்டா புரூக்ஸ் அம்மையார் அச்சபையிலேயே பிறந்து வளர்ந்தவர். அவர் இளம் ஆசிரியையாயிருந்த காலத்து, நீபை ஜான்சன் என்னும் முதியவர் தாம் கண்டதொன்றை எழுதிக்கொள்ளுமாறு வேண்டினார். அம்மையார் பிறகு பார்ப்போம் என்றிருந்துவிட்டார். பின்பு சென்றபோது முதியவர் மரணப்படுக்கையிற் பிதற்றிக்கொண்டிருந்தார். அக்கொலைக்களத்தில் அவரும் இருந்தவர் என்பது அப்போதே தெரியவந்தது. கைக்கெட்டிய சாட்சியம் இங்ஙனம் கைநழுவிப் போயிற்று.

அவ்விழப்பை அம்மையார் மறந்திலர். 1930-க்குப் பிந்திய பஞ்ச காலத்தில், அரசாங்க நிவாரணப் பொருளைக் கொண்டு, வீடுகளிற் கிடந்த பழைய நாட்குறிப்புகளைத் திரட்டி, உள்ளூர்ப் பெண்டிரைக் கொண்டு தட்டச்சிற் பிரதி எடுப்பித்தார். சபைத் தலைவர்கள் சில ஆவணங்களைக் காட்ட மறுத்தும், 1950-இல் அப்படுகொலையின் வரலாற்றை நூலாக வெளியிட்டார். சுற்றத்தார் பலர் முகங்கொடாதபோதும் அவர் சபையை விட்டு நீங்கினாரில்லை.

நம் குறையை நாமே பறைசாற்றலாமோ எனச் சிலர் வினவுவர். மறைத்த பழி மறைவதில்லை. புரையோடிய புண்ணேபோல் உள்ளே வளரும். 2007-ஆம் ஆண்டில், நூற்றைம்பதாண்டு நிறைவின்போது, அச்சபையின் தலைமையே அப்புல்வெளியில் தன் ஆழ்ந்த வருத்தத்தை வெளியிட்டது. அந்நாள் வருதற்கு அம்மையாரின் நூலும் வழிகோலியது என்பதில் ஐயமில்லை.

இத்தகைய பணியில் புகழ் நூலாசிரியரோடு நின்றுவிடுகின்றது. ஏடுகளைப் பெட்டியிற் காத்த குடும்பத்தாரையும், பொறியின்முன் அமர்ந்து பிரதி செய்த பெண்டிரையும் உலகம் நினைப்பதில்லை. அவர்க்கும் உரிய மதிப்பை அளித்தல் நீதியாம். கல்வி கற்கும் நாம் செய்யத்தக்கது இன்னுமொன்றுண்டு: முதியோர் ஒருவர் சொல்ல விழையுங்கால், நாளை என்னாது, அன்றே அமர்ந்து எழுதிக்கொள்வோமாக.